அளக்கவில்லை

வைரக்கண்ணுவின் ரத்த அழுத்தம் காலை பத்து மணிக்கு நூற்றிருபதுக்கு எண்பது. பகல் இரண்டு மணிக்கும் நூற்றிருபதுக்கு எண்பது. மாலை ஆறு மணிக்கும் அதேதான். நாடித்துடிப்பு சீராக இருந்தது, காய்ச்சல் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் எல்லாம் நீல மையில், அழகான கையெழுத்தில் இருந்தன. வைரக்கண்ணுதான் இல்லை.

அவர் காலையிலேயே தலையணை மேல் துண்டை விரித்து, பக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்து இடம் பிடித்து வைத்துவிட்டு, பஸ் ஏறித் திருமானூர் போய்விட்டார். இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வந்தபோது கட்டிலருகே ஒரு பெண் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"பாத்ரூமுக்கு."

"பாத்ரூம்ல கரும்பா வெட்டுனீங்க? சட்டையெல்லாம் சோகை ஒட்டியிருக்கு."

வைரக்கண்ணு சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கத்தாத நர்ஸு புள்ள. மில்லுலேருந்து கட்டிங் ஆர்டர் வந்துருச்சு. இன்னைக்கு ஆளு வுடலன்னா பக்கத்து வயக்காரன் லாரிய அவன் பக்கம் திருப்பிக்கிட்டுப் போயிருவான். மயக்கம் வந்தா வரட்டும், கரும்பு காஞ்சா வருமா?"

"நான் நர்ஸ் இல்லைங்க. டாக்டர்."

"சரி, டாக்டரு புள்ள. எனக்கு ரத்தக் கொதிப்பு எப்படியிருக்காம்?"

அவள் அட்டையைப் பார்த்தாள். "நூத்தியிருவது எம்பது. மூணு வேளையும்."

"பாத்தியா! வயல்ல போய் நின்னதும் சரியாயிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கட்டிலுக்குப் போகும்வரைதான் அந்தச் சிரிப்பு நீடித்தது. அந்த அட்டையிலும் நூற்றிருபதுக்கு எண்பது. அதற்கடுத்ததிலும். வரிசை முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே எண். எல்லாம் அவளோடு பயிற்சியில் இருக்கும், பகல் முறை பார்த்த பரணிதரன் எழுதியவை. முந்தின வாரத்து அட்டைகளைப் புரட்டினாள். அங்கேயும் சில நூற்றிருபதுக்கு எண்பதுகள் இருந்தன. அவற்றில் இரண்டு அவளுடைய கையெழுத்து.

வெற்றிச்செல்வி அன்று எடுத்த முடிவு எளிமையானது. அளந்தால் எழுதுவது, அளக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுவது. அவ்வளவுதான். அதற்கு அவள் ஒரு வருடத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவள் ஆலத்தியூர்க்காரி. அப்பா பூமாலை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்தாள். கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குப் பொதுப்பெயரே ஏழரை. சனி பிடிப்பதும் அந்தப் பெயரில்தான் என்பதால் வைத்தவர்களுக்குக் கூடுதல் சந்தோஷம். முதலாண்டில் மெஸ் வரிசையில் ஒருவன், "ஏழரை வருது, வழி வுடுங்கடா" என்றான். "ஆமா, ஏழரைதான். புடிச்சா லேசுல வுடாது, பாத்துக்க" என்று தட்டோடு அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அதன்பிறகு அந்தப் பெயரை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் குறைவு.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே, பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. படிப்பு முடிந்து கடைசி ஓராண்டு அங்கேயே ஹவுஸ் சர்ஜன். பெயரில்தான் சர்ஜன். காலையில் வார்டு முழுக்க ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த குப்பிகளை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்கேனுக்கு ஆள் வராவிட்டால் ட்ராலியைத் தள்ள வேண்டும். ரிப்போர்ட் வாங்க வரிசையில் நிற்க வேண்டும். நடுநடுவே மருத்துவமும் பார்க்க வேண்டும். நோயாளிகளின் உறவினர்கள் அவளைச் சிஸ்டர் என்றும், கூடவே வரும் வார்டு உதவியாளர் மீசை வைத்திருந்ததால் அவரை டாக்டர் என்றும் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டப் பழகிக்கொண்டார்.

ஆண்கள் பொது மருத்துவ வார்டில் நாற்பது கட்டிலுக்கு ஒரு பி.பி. மெஷின். அதன் ரப்பர் குமிழில் எங்கோ காற்றுக் கசிந்தது. கையில் சுற்றும் பட்டை ஒட்டும் தன்மையை இழந்து வெகுகாலமாகிவிட்டது. பட்டையைச் சுற்றி, அதன்மேல் பேண்டேஜ் துணியால் ஒரு முடிச்சுப் போட்டு, அது அவிழ்வதற்குள் காற்றடித்துப் பார்த்துவிட வேண்டும். முடிச்சுப் போடுவதில் வெற்றிச்செல்வி கெட்டிக்காரியாகிவிட்டாள். அப்படியும் ஒரு சுற்று முடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்கான நேரம் வந்துவிடும்.

வேறு மெஷின் இல்லையா என்றால், இருந்தது. செவிலியர் மேசைக்குப் பின்னாலிருந்த கண்ணாடி பீரோவில் நான்கு புது மெஷின்கள் பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவை இன்ஸ்பெக்ஷன் சாமான். மேலிடத்திலிருந்து பார்வையிட வரும் நாளில் வெளியே வரும், அவர்கள் போனதும் உள்ளே போகும். சாவி இன்சார்ஜ் சிஸ்டர் கமலவேணியின் அடையாள அட்டைக் கயிற்றில் தொங்கியது. அவரைக் கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. வார்டில் ஒரு சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ இன்சார்ஜ் சிஸ்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு சாதாரண டார்ச் லைட்டுக்காக மாதக்கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். பயன்படுத்தினால்தானே உடையும்?

நூற்றிருபதுக்கு எண்பது என்ற எண்ணோடு வெற்றிச்செல்விக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. மூன்றாமாண்டுப் பொங்கல் விடுமுறைக்குத் தோழியின் பி.பி. மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். முதலில் கையை நீட்டியவர் அப்பா. நூற்றெழுபதைத் தாண்டியது.

"மிஷினு கோளாறு" என்றார் பூமாலை. "போன மாசந்தான் எங்க கான்ட்ராக்டரு கேம்ப் வச்சாரு. எல்லா டிரைவருக்கும் பாத்தாங்க. எனக்கு நூத்தியிருவது எம்பது. சர்ட்டிபிகேட்டே இருக்கு."

"கையில பட்டை சுத்துனாங்களாப்பா?"

"இல்ல."

"அப்பறம் எப்படிப் பாத்தாங்க?"

பூமாலை கொஞ்சம் யோசித்தார். "மூஞ்சியப் பாத்தாங்க."

அந்தக் கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டும் அத்தனை பேருக்கும் அன்று நூற்றிருபதுக்கு எண்பது. குடித்துவிட்டு வந்தவருக்கும் அதே. பூமாலை இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே அரியலூருக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டார்.

வைரக்கண்ணு ஊருக்குப் போய் வந்த மறுநாளிலிருந்து வார்டு அட்டைகளில் காலிக் கட்டங்கள் தோன்றின. வெற்றிச்செல்வியின் முறையில் பாதி அட்டைகளில் எண், மீதியில் வெறுமை. எந்தக் கட்டிலை முதல் சுற்றில் விட்டாளோ அதை அடுத்த சுற்றில் முதலில் அளந்தாள். ஒரே மெஷினை வைத்துக்கொண்டு அவளால் முடிந்தது அதுதான். பரணிதரனின் முறையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

"எங்கள மாட்டி வுடுறியாடி நீ?" பரணிதரன் கேண்டீனில் டீயை வைத்துவிட்டுக் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. முதல் வருடம் உடற்கூறியலில் அவள் திணறியபோது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன். "நாப்பது பேரு. ஒரு ஓட்ட மெஷின். எவனால முடியும்?"

"முடியாதுதான். முடியாதுன்னு காலியா வுடு."

"வுட்டா சீஃப் தொலைச்சுருவாரு."

"அப்ப சீஃப்புக்கு எழுதுறியா, பேஷன்ட்டுக்கு எழுதுறியா?"

"மேடைப் பேச்செல்லாம் வேணாம்." பரணிதரன் குரலைத் தாழ்த்தினான். "இதெல்லாம் உங்கப்பாவுக்காகத்தான? அந்த லாரி கேம்ப் கதைய நீதான் சொன்ன."

"எங்கப்பாவ இழுக்காத. அவரு மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா லாரி ஓட்டுறாரு. அன்னைக்கு வைரக்கண்ணு கரும்பு வெட்டப் போயிருந்தாரு. நீ அவரு கட்டிலுக்கு பி.பி. பாத்திருக்க. இதுக்கு எங்கப்பா வேற எதுக்கு?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கட்டிலுக்கு பி.பி." என்பது ஒரே நாளில் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. பரணிதரன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

யூனிட் சீஃப் டாக்டர் ராஜராஜன் உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த மாத்திரத்தில் இதய வால்வில் எது பழுது என்று சொல்லிவிடுவார். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அதுவே வரும். மாணவர்களுக்கு அவர் மேல் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. அவருடைய ரவுண்ட்ஸில் கேள்வி அவர் கேட்பார், பதிலையும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

அன்று அவர் நான்காவது கட்டிலில் நின்றார். அட்டையை எடுத்துப் பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போய் அந்த அட்டையையும் எடுத்தார்.

"இது என்ன காலி இடம்?"

"அளக்கலைங்க சார்" என்றாள் வெற்றிச்செல்வி.

"ஏன்?"

"ஒரு மெஷின்தான் சார் இருக்கு. ப்ளட் எடுத்துட்டு, லேபுக்குப் போயிட்டு, ட்ராலி தள்ளிட்டு வரதுக்குள்ள முடிஞ்சவங்களுக்கு அளந்தேன். மத்தவங்களுக்கு எழுதல."

"மத்த இன்டர்னுக்கெல்லாம் மட்டும் எப்படி முடியுது?"

பரணிதரன் தன் ஷூவைப் பார்த்தான். வெற்றிச்செல்வி அவன் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு முடியல சார். அதை மட்டுந்தான் நான் சொல்ல முடியும்."

"நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப எங்க வார்டுல இந்த ஒரு மெஷின்கூடக் கெடையாது. தெரியுமா?"

"அப்ப என்ன சார் எழுதுவீங்க?"

யாரோ இருமினார்கள். கமலவேணி சிஸ்டர் கையிலிருந்த ஃபைலைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். ராஜராஜனின் முகம் மாறவில்லை. குரல்தான் மெதுவானது. அவர் கோபப்பட்டால் குரல் மெதுவாகும் என்பது வார்டுக்கே தெரியும்.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். நாளைக்கு நான் ரவுண்ட்ஸ் வரப்ப எந்த அட்டையிலயும் உன்னோட கட்டம் ஒண்ணுகூடக் காலியா இருக்கக் கூடாது. இருந்தா ஒரு மாசம் எக்ஸ்டென்ஷன். பி.ஜி. எக்ஸாம் எழுதணும்னு ஆசை இருக்குல்ல?"

எக்ஸ்டென்ஷன் என்பது ஹவுஸ் சர்ஜன்களின் பெரிய பயம். யூனிட் சீஃப் திருப்தியில்லை என்று எழுதினால் அந்தப் பகுதியை மறுபடியும் செய்ய வேண்டும். செய்து முடித்தால்தான் பயிற்சி முடித்த சான்றிதழ். முதுநிலைத் தேர்வு எழுத, குறிப்பிட்ட தேதிக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். வெற்றிச்செல்விக்கு அது அவள் கடைசி யூனிட். ஒரு மாதம் நீண்டால் தேதி கைவிட்டுப் போகும், தேர்வு அடுத்த வருடத்துக்குப் போகும். குழந்தை மருத்துவம் படிக்க வேண்டும் என்பதற்காக இரண்டு வருடமாக அவள் புத்தகமும் கையுமாக இருந்தது ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டாள். பூமாலை லாரியை ஓரம் கட்டிவிட்டு டீக்கடையில் நின்று பேசினார். பின்னால் மற்ற லாரிகளின் ஹார்ன் சத்தம் விடாமல் கேட்டது.

"எழுதிக் குடுத்துட்டு வந்துரு பாப்பா. ஊரு ஒலகத்துல நடக்காததா? நீ ஒருத்தி எழுதாததால எல்லாம் திருந்திரப் போவுதா?"

"ஓவர்லோடு ஏத்துன்னா நீ ஏத்துறியாப்பா?"

"அது வேற."

"என்னா வேற? ஏத்த மாட்டேன்னு ரெண்டு மொதலாளிகிட்ட சாவியத் தூக்கிப் போட்டுட்டு வந்தவந்தான நீ? அப்ப நானும் அம்மாவும் ஒன்னய ஏதாச்சும் கேட்டமா?"

அந்தப் பக்கம் டீ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வருசம் போயிருமே பாப்பா."

"போவட்டும். அடுத்த வருசமும் பரீட்சை வைக்காமயா போயிருவாங்க?"

"சரி. உங்கம்மாகிட்ட இத நீயே சொல்லிக்க. எனக்கு பி.பி. இருக்கு."

மறுநாள் காலை வெற்றிச்செல்வி வழக்கத்தைவிட முன்னதாகவே வார்டுக்கு வந்தாள். சீஃப் கேட்டபடி எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். தன்னுடைய கட்டங்களை மட்டும். ஒவ்வொரு காலி இடத்திலும் ஒரே சொல்: அளக்கவில்லை. பக்கத்தில் தன் கையெழுத்து. அந்த மருத்துவமனையில் நோய்க்கும் மருந்துக்கும் தமிழ்ப் பெயர் கிடையாது. எல்லாம் ஆங்கிலம், அதுவும் சுருக்கெழுத்து. நாற்பது அட்டைகளிலும் தமிழில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

அதனால்தான் வைரக்கண்ணு அதைப் படித்தார். தினமும் பேப்பர் படிக்காமல் பல் விளக்காத மனிதர் அவர். வார்டுக்குப் பேப்பர் வராததால் மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை என்று கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, தமிழ்ல எழுதியிருக்க? எத அளக்கல?"

"உங்க ரத்த அழுத்தத்த."

"எதுக்கு அளக்கல?"

"மெஷினு பத்தல. நேரமும் பத்தல."

"அப்ப அந்த நூத்தியிருவது?"

"அது நான் எழுதினது இல்லைங்க."

வைரக்கண்ணு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தத் தேதி அவருக்கு மறக்காது, கரும்பு வெட்டின நாள். மூன்று வேளை எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"எட்டாம் நம்பரு! ஒன்னோட அட்டையில என்னா போட்டிருக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாதே மாமா."

"தெரிஞ்சவங்ககிட்டக் குடு!"

அட்டைகள் கொக்கியிலிருந்து இறங்கின. எட்டாம் நம்பர்க்காரரின் மருமகள் சத்தமாகப் படித்தாள். அளக்கவில்லை. பன்னிரண்டாம் கட்டிலில் அளக்கவில்லை. கதவோரக் கட்டிலில் அளக்கவில்லை, நூற்றிருபது எண்பது, அளக்கவில்லை, நூற்றிருபது எண்பது. தங்கள் காலடியிலேயே தொங்கிக்கொண்டிருந்த அட்டையை அந்த ஆட்கள் அன்றுதான் முதன்முதலாகக் கையிலெடுத்துப் பார்த்தார்கள்.

"மில்லுல வண்டிய எடை மேடையில ஏத்தாம இத்தன டன்னுன்னு எழுதுனா வுட்டுருவமா?" வைரக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார். "கரும்புக்கு இருக்குற மரியாத எங்களுக்கு இல்லையா?"

கமலவேணி சிஸ்டர் ஓடிவந்தார். "என்ன சத்தம் இங்க? ரவுண்ட்ஸ் நேரம். எல்லாரும் அவங்கவங்க கட்டிலுக்குப் போங்க."

"போறோம்மா. அந்தக் கண்ணாடிக்குள்ள நாலு மிஷினு கெடக்கே, அது யாருக்கு?"

"அது இன்ஸ்பெக்ஷனுக்கு."

"அப்ப இன்ஸ்பெக்ஷனு பண்ண வரவருக்குத்தான் ரத்தக் கொதிப்பா?"

வார்டு குலுங்கியது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். கமலவேணிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஒடைஞ்சா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"நான் சொல்றேன் சிஸ்டர்" என்றாள் வெற்றிச்செல்வி. "என் பேருல எழுதிக்குங்க. நாலுக்கும் கையெழுத்துப் போடுறேன்."

கமலவேணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏற்கெனவே ஒரு மாசம் வாங்கப் போற. இதுவும் சேத்தா?"

"சேத்துதான்."

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவி வெளியே வந்தது. பீரோக் கதவு பழக்கமில்லாமல் முனகியது. "அந்தக் கவரக் கிழிக்காம எடு" என்றார் கமலவேணி.

"கிழிக்காம எப்படி சிஸ்டர் அளக்கிறது?"

"கிழிச்சுத் தொலை."

மூன்று மெஷின்கள் மேசையில் கிடந்தன. ஒன்று வெற்றிச்செல்வி கையில். பரணிதரன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்தான், ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான். மற்ற இரண்டு ஹவுஸ் சர்ஜன்களும் எடுத்துக்கொண்டார்கள். சட்டைக் கைகள் சுருட்டப்பட்டன. ராஜராஜன் வார்டுக்குள் நுழைந்தபோது பாதிச் சுற்று முடிந்திருந்தது.

பெரிய ஆபத்து எதுவும் வெளியே வரவில்லை. சிலருக்கு அதிகமாக இருந்தது, மாத்திரையைக் கூட்டினால் போதும். ஒருவருக்குக் குறைவு. மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. வைரக்கண்ணுவுக்கு நூற்றைம்பத்தாறுக்குத் தொண்ணூற்றாறு. பரணிதரன் பல நாளுக்குப் பிறகு அவளோடு பேசினான்.

"பாத்தல்ல? யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகலன்னு இப்பதான தெரியுது" என்றாள்.

ராஜராஜன் நான்காவது கட்டிலின் அட்டையை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன இது?"

"காலியா இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க சார்."

அவர் குரல் மிக மெதுவாக இருந்தது. "ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் ரூமுக்கு வா."

அறையில் அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் எதிர்பார்க்காதது அது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ நல்லா வேலை செய்யுற. இந்த பேட்ச்லயே பேஷன்ட்டத் தொட்டுப் பாக்குற ஆளு நீதான். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஆனா நாப்பது அட்டையில இப்படி எழுதி வச்சா இந்த யூனிட்டு என்னாவும்? நாளைக்கு ஒரு கேஸு, ஒரு கோர்ட்டுன்னு வந்தா?"

"அளக்காம எழுதினதுக்குக் கேஸு வராதா சார்?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கவனக்குறைவா எழுதிட்டேன், மன்னிக்கவும்னு ரெண்டு வரி. அட்டையெல்லாம் மாத்தி எழுதிக்கலாம். எக்ஸ்டென்ஷன் கெடையாது. போயி எக்ஸாமுக்குப் படி."

வெற்றிச்செல்வி பேனாவை எடுத்தாள். ராஜராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவள் சங்கடப்படாமல் எழுதட்டும் என்பதுபோல. எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தாள். இரண்டே வரிகள்தான்.

கவனமாகத்தான் எழுதினேன். அளந்திருந்தால் அளவை எழுதியிருப்பேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுதுல்ல? ஒரு வருஷம்."

"தெரியும் சார்."

"வருத்தப்படுவ."

"படுவேன் சார். அதுக்காக இத மாத்தி எழுத முடியாது." எழுந்தவள் கதவருகே நின்றாள். "அந்த ஒரு மாசத்துக்கு எந்த வார்டுல போடுவீங்க?"

"ஏன்?"

"இதே வார்டுல போடுங்க சார். நாலு மெஷினுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ராஜராஜன் போட்ட உத்தரவில் அதே வார்டுதான் இருந்தது.

இன்ஸ்பெக்ஷன் வந்தது, போனது. தமிழ்ச் சொல் எழுதிய அட்டைகள் அதற்கு முன்பே கொக்கியிலிருந்து காணாமல் போயிருந்தன. புது அட்டைகள் தொங்கின. வந்தவர்கள் நான்கு மெஷின்களையும் பார்த்து, தரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். உறை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. உறை இல்லாத சாமானை மறுபடி பீரோவில் வைக்கக் கமலவேணிக்கு மனம் வரவில்லை, தூசி படியுமாம். மேசை மேலேயே கிடந்தன. ஒன்றின் குமிழ் இரண்டாவது வாரமே கிழிந்தது. வெற்றிச்செல்வி விளக்கம் எழுதிக் கொடுத்தாள்: பயன்படுத்தியதால் பழுதானது.

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய எக்ஸ்டென்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்கள் திருச்சி பஸ் பிடிக்க விடிந்ததும் கிளம்பினார்கள். பரணிதரன் மட்டும் வார்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தான். வாசலில் பையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"நீயும் வந்திருக்கணும்டி."

"வந்திருக்கணும்தான்." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பட்டையைச் சுருட்ட ஆரம்பித்தாள். "நல்லா எழுது. தெரியாததக் குத்துமதிப்பாப் போட்டுடாத, நெகட்டிவ் மார்க் இருக்கு. காலியா வுட்டுட்டு வா. அங்கயாச்சும் காலியா வுட்டா தண்டனை கெடையாது."

பரணிதரன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்று வெளிநோயாளிகள் பிரிவு கிடையாது. அது தெரியாமல் மறுபரிசோதனைக்காக வைரக்கண்ணு திருமானூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கீழே பூட்டிக் கிடந்ததைப் பார்த்து நேராக வார்டுக்கே வந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், மயக்கம் இல்லை, கரும்பு வெட்டி முடிந்து, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக்கரும்புக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"மொதல்ல அள. அப்பறம் பேசுவோம்."

வெற்றிச்செல்வி பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முள் ஏறியது. மெதுவாக இறக்கினாள். காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அதைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். மறுபடி காற்றடித்தாள்.

"என்ன வந்துச்சு?" கமலவேணி சிஸ்டர் மேசையிலிருந்து கேட்டார்.

"நூத்தியிருவது எம்பது."

கமலவேணி வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "போச்சு. இத யாரு நம்புவா?"

"ஏன், கொறைச்சலா இருக்கா?" வைரக்கண்ணு பதறினார்.

"இல்லைங்க. சரியா இருக்கு. இந்தக் கையையும் நீட்டுங்க."

அடுத்த கையிலும் பார்த்தாள். அதேதான்.

"எழுது நர்ஸு புள்ள. பஸ்ஸுக்கு நேரமாவுது."

எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.